மூன்று கண்ணி

அதைத்தான் சொல்ல வந்தேன் மீனா, பின்பக்கத்து ஃப்ளாட்ஸில் இரண்டாவது மாடிக்காரி இருக்கிறாளே, காலையில் மறுபடியும் வாட்ச்மேனோடு சண்டை. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் தண்ணீர் ஊறுகிறதாம். "மழையே இல்ல, இது எங்கேர்ந்துய்யா வருது" என்று அவனைப் பிடித்து உலுக்குகிறாள். அவன் என்ன செய்வான் பாவம், அவனா கொண்டுவந்து ஊற்றினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இங்கிருந்து எல்லாவற்றையும் கேட்டேன். இந்தக் காதுக்கு மட்டும் இன்னும் வயசாகவில்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டிடத்தின் பின்பாதி கால்வாய் மேல் நிற்கிறது. ஏரி நிறைந்தால் வழிகிற தண்ணீர் போகிற கால்வாய். நீ எங்கள் மாடிக்குக் குடிவந்தே நாலு வருஷம், உனக்கு எப்படித் தெரியும். இதை ஒரு மனுஷன் அப்போதே சொன்னார், கண்ணி சுத்தமாகச் சொன்னார். அவரை அளவு பாய் என்போம். பேர் ஒன்று இருந்தது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பாய் சர்வே ஆபீஸில் செயின்மேனாக இருந்து ரிடையர் ஆனவர். சர்வேயர் என்றால் குடைக்கடியில் நின்று நோட்டில் எழுதுகிறவர். செயின்மேன் என்றால் சங்கிலியை இழுத்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் ஓடுகிறவர். வேலையை விட்ட பிறகும் சங்கிலி விடவில்லை. பழசு ஒன்றை எங்கேயோ ஏலத்தில் எடுத்து வந்து வீட்டில் ஆணியில் மாட்டியிருந்தார். கம்பி கம்பியாகக் கோத்த சங்கிலி. அதில் ஒரு கம்பிக்குக் கண்ணி என்று பெயர். ஒரு கண்ணி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. நாமெல்லாம் அடி, முழம் என்போம். அவருக்கு எல்லாமே கண்ணி. பாயம்மா, அதுதான் அவர் சம்சாரம், என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்: "எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணுல மனுஷன் தெரிய மாட்டான்க்கா. கண்ணிதான் தெரியும்."

அவரிடம் யாரும் 'சுமார்' என்று சொல்லக் கூடாது. சொன்னால் போச்சு. ஒரு நாள் நான் சும்மா பேச்சுக்கு, "ஸ்டேஷனுக்கு இங்கேர்ந்து சுமாரா ஒரு மைல் இருக்குமா பாய்?" என்று கேட்டுவிட்டேன். நின்றுவிட்டார்.

"சுமார்னா எத்தினிம்மா?"

"அதான் பாய், ஒரு மைல்."

"அது மைலு. சுமார்னு ஒண்ணு சொன்னியே, அது எத்தினி?"

மறுநாள் ஸ்டேஷன் வரை நடந்து எண்ணிக்கொண்டு வந்து, என் வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனார். அவர் ஒரு எட்டு வைத்தால் இரண்டரை அடி, கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது. மழை கொட்டினாலும் ஓட மாட்டார், எட்டு மாறிவிடுமாம். ஒரு தடவை மாவு மில் நாய் துரத்தியது. எல்லாரும் கத்துகிறோம், மனுஷன் அதே நடை. அப்புறம் பெருமையாகச் சொல்கிறார், "பதினேழு எட்டு தொரத்திச்சு. அதுக்கு மேல வரல." பல் பட்டதா என்று கேட்டால், அதுவும் பட்டிருக்கிறது.

சிரிக்கிறாயா, சிரி. ஆனால் கேள். பக்கத்து மனைக்காரனோடு சுவர்த் தகராறு வந்தது அவருக்கு. பாய் சங்கிலி எடுத்து அளந்தார். அளந்து பார்த்தால் இவர்தான் அவன் இடத்தில் ஒரு கண்ணி உள்ளே கட்டியிருக்கிறார். ஒரு சாண் கூட இல்லை. அவனுக்கு அது தெரியாது, சத்தம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அவன் கை கழுவிவிட்டு வருவதற்குள் பாய் கடப்பாரையால் தன் சுவரைத் தானே பாதி இடித்துவிட்டார். சண்டைக்கு வந்தவன், "வுடுங்க பாய், பரவால்ல" என்று கையைப் பிடிக்கிறான். இவர், "உனக்குப் பரவால்ல. எனக்கு எப்பிடிப் பரவால்லன்னு ஆவும்?" என்று கேட்டுக்கொண்டே இடிக்கிறார். பாயம்மா ஒரு மாசம் அவரோடு பேசவில்லை.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நானும் நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மீதியை யாருக்கும் சொன்னதில்லை.

என் பெரியவள் எட்டாவது படித்த வருஷம். கேபிள் எல்லாம் அப்போது இல்லை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு, அதை ஒரு புரமோட்டர் வாங்கினான். ஃப்ளாட்ஸ் கட்டப்போகிறான் என்று பஞ்சாயத்து ஆபீஸில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளில் எழுதிக் கொடுக்கலாம். நமக்கு என்ன ஆட்சேபணை. ஃப்ளாட்ஸ் வந்தால் பஸ் வரும், லைட் வரும் என்று எல்லாருக்கும் குஷி. புரமோட்டர் ஆள் வீட்டுக்கு வீடு காலண்டர் வேறு கொடுத்தான்.

பாய் மட்டும் போய் அவன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் முகம் கறுத்திருந்தது. "கால்வாய் முப்பது கண்ணி அகலம்மா. இவன் பத்து கண்ணின்னு வரஞ்சிருக்கான். மீதி இருவது கண்ணி மேல வூடு கட்டப் போறான்." தண்ணீருக்குப் பத்துக் கண்ணி போதாது. ஏரி வழிந்தால் பள்ளத்தில் இருக்கிற ஒன்பது வீட்டுக்குள் போகும். அந்த ஒன்பதில் அவர் வீடும் ஒன்று. நம் வீடு மேடு.

பாய் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தார். ஈ.ஓ., அதுதான் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பெரியவர், நல்ல மனுஷர். வந்து பார்த்தார். கிராமத்து மேப்பை விரித்து, "பாய், மேப்புல முப்பதுதான் கீது. ஆனா நெலத்துல கரை எதுன்னு யாரு காட்டுவா?" என்று கேட்டார். இந்தப் பக்கத்துக் கரையில் மூன்று சர்வே கல் இருக்க வேண்டுமாம். இங்கேயிருந்து அளந்தால்தான் அந்தக் கரை எங்கே என்று சொல்ல முடியும். ஒரு கல் சின்னப் பாலத்தடியில் கிடைத்தது. இன்னொன்றை வேலிகாத்தான் முள்ளை வெட்டி எடுத்தார்கள். மூன்றாவது, கால்வாய் வளைகிற இடத்துக் கல். அதுதான் முக்கியம். அது நம் வீட்டுப் பின்னால் எங்கேயோ இருக்க வேண்டும். காணவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை. அதற்குள் கல்லைக் காட்டினால் வரைபடத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்றார் ஈ.ஓ.

பாய் கடப்பாரையோடு வந்து நம் வீட்டுப் பின்னால் தோண்ட ஆரம்பித்தார். சித்திரை வெயில். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எப்பிடி இருக்கும் பாய் அந்தக் கல்லு?" என்று வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

"இம்மாம் நீட்டு. தலை தட்டையா இருக்கும். தலையில அம்பு மாரி ஒரு கீறல் போட்டிருப்பாங்க."

என் கையில் செம்பு நின்றுவிட்டது. நான் தினமும் துணி துவைக்கிற கல்லில் அந்தக் கீறல் இருக்கிறது. எழுத்தே தெரியாதவளுக்கு அம்பு என்ன தெரியும். கொத்தனார் உளி பட்டது என்று நினைத்திருந்தேன். சட்டைக் காலர் அழுக்கு அந்தக் கீறலில் வைத்துத் தேய்த்தால்தான் போகும், அவ்வளவு வாகு. என் வீட்டுக்காரர் பாத்ரூமுக்குக் கடைக்கால் தோண்டும்போது குறுக்கே நின்றது என்று பிடுங்கிப் போட்ட கல் அது. நல்ல கல்லாக இருக்கிறதே என்று நான்தான் அதைப் புரட்டிக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தேன்.

பாத்ரூம் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தெருவிலேயே முதல் பாத்ரூம் என்னுடையது. மற்றவர்களுக்கெல்லாம் தென்னை ஓலைத் தட்டிதான். எனக்குக் கதவு, தாழ்ப்பாள், சிவப்பு சிமெண்டுத் தரை, குழாய். ஐந்தடிக்கு நாலடி. பொம்பளைகள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் வெளியே வரவில்லை. என்னடி செய்கிறாய் என்று கதவைத் தட்டினால், "ஒண்ணுமில்லக்கா, சும்மா நிக்கறேன்" என்றாள். அந்தப் பெருமை எனக்கு எவ்வளவு இருந்தது என்று உனக்குப் புரியாது. உனக்கு ரூமுக்கு ரூம் இருக்கிறது.

கல் நின்ற இடம் தெரிந்தால் பாத்ரூம் கால்வாய்க்குள் இருப்பதும் தெரிந்துவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா. உள்ளே போய், துவைத்த போர்வையை மறுபடியும் நனைத்து எடுத்துவந்து, அந்தக் கல் மேல் போட்டு மூடிவிட்டேன். பாய் முதுகுப்பக்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார். நான் போர்வை மேல் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டா பாய்" என்று கேட்கிறேன்.

மூன்று நாள் தோண்டினார். மூன்று நாளும் அந்தப் போர்வை அங்கேயே இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கை கழுவக் கிணற்றடிக்கு வந்தார். நாலு பேருக்குப் போர்வை துவைக்கிற வீட்டில் ஒரே போர்வை மூன்று நாளாகக் கிடந்தால் தெரியாதா. குனிந்து ஓரத்தை எடுத்துப் பார்த்தார். கீறலின் மேல் விரலை வைத்துத் தடவினார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நல்லா வழுவழுன்னு ஆயிடுச்சி" என்றார்.

"தெரியாது பாய். சத்தியமா சர்வே கல்லுன்னு தெரியாது."

"சரிம்மா. இப்பத் தெரிஞ்சிதில்ல." கல்லைக் காலால் தட்டினார். "பேர்த்து எடுத்த கல்லு வெறும் கல்லுதான். எங்கேர்ந்து வந்தேன்னு அது சொல்லாது. நீதான் சொல்லணும். வெள்ளிக்கெழம ஆபீஸ்ல வந்து, இது நின்ன எடம் இதுதான்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

"பாத்ரூம் பாய்?"

அவர் திரும்பிப் பாத்ரூமைப் பார்த்தார். சங்கிலி கையில் இல்லை, கண்ணாலேயே அளந்தார். "மூணு கண்ணி உள்ள கீது."

"அத மட்டும் சொல்லாம வுட்டுடக் கூடாதா?"

"மூணு கண்ணிய நாம முழுங்கிட்டு, இருவது கண்ணி முழுங்கறவன இன்னான்னு தங்கச்சி கேக்கறது?" கோபமாகச் சொல்லவில்லை. எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னார். "சுவத்த மட்டும் மூணு கண்ணி தள்ளிக்கலாம். நானே வந்து எடுத்துக் கட்டிக் குடுக்கறேன். ஒரு ஆள் நின்னு குளிக்கலாம்."

வருகிறேன் என்றேன். என் வாயால் சொன்னேன். அவர் போகும்போது அந்தப் போர்வையை முறுக்கிப் பிழிந்து, நாலாக மடித்துக் கொடியில் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் மேல் பழியைப் போடலாம். அவர்தான் கல்லைப் பிடுங்கினார், அவர்தான் தடுத்தார் என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். அவர் தடுக்கவில்லை. "குடுத்த வாக்கு உன்னுது. உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். தொழுகைக்குப் போட்டுக்கொள்கிற சட்டை. பள்ளத்து வீட்டுப் பொம்பளைகள் எல்லாரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள். புரமோட்டர் ஆளும் இருந்தான். பாய் மேப்பைக் காட்டிப் பேசினார், பாலத்தடிக் கல்லிலிருந்து இத்தனை கண்ணி, முள்ளுக் கல்லிலிருந்து இத்தனை கண்ணி என்று. கடைசியில், "மூணாவது கல்லு கெடச்சிடுச்சி சார். அது நின்ன எடத்த இவங்க காட்டுவாங்க" என்று என்னைக் கை காட்டினார்.

ஈ.ஓ. மரியாதையாகத்தான் கேட்டார். "சொல்லுங்கம்மா. அந்தக் கல்லு எங்க இருந்துது?"

நான் எழுந்து நின்றேன். இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான். எனக்கு அந்தச் சிவப்புத் தரை ஞாபகம் வந்தது. தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது. மூன்று கண்ணி போனால் மீதி என்ன இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் வாய் தானாகப் பேசியது.

"எனக்குப் படிப்பு இல்ல சார். நான் இன்னாத்த கண்டேன். அது தொவைக்கற கல்லு. எங்க மாமியார் காலத்துலேர்ந்து கீது."

என் மாமியார் இந்த ஊர்ப் பக்கமே வந்ததில்லை.

"அதுக்கு முன்னாடி எங்க இருந்துதுன்னு தெரியாதாம்மா?"

"சுமாரா... அங்கதான் எங்கனாச்சும் இருந்திருக்கும் சார்."

சொன்னதும் நான் பாயைப் பார்த்தேன். வாயைத் திறந்தார். அத்தனை வருஷப் பழக்கம், அந்த வார்த்தையைக் கேட்டால் அவருக்கு வாய் தானாகத் திறக்கும். சுமார்னா எத்தினி என்று ஒரு தடவை கேட்டிருந்தால் நான் அங்கேயே அழுது எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் மீனா. கேட்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க இன்னா சொல்றீங்க பாய்?" என்றார் ஈ.ஓ.

அவர் என் பாத்ரூமைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். போய் அளந்து பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் சுவரைத் தானே இடித்த மனுஷர். பள்ளத்து வீட்டு ஜனமெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. "அவங்க வூட்டுக் கல்லு சார். அவங்க சொல்றத எழுதிக்குங்க" என்றார்.

புரமோட்டர் ஆள் சிரித்தான். "பாய், சங்கிலி துரு புடிச்சிப் போச்சி போல கீது." ஆபீஸில் நாலு பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறாயா. நானும் சிரித்தேன். சும்மா நின்றால் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்து சிரித்தேன்.

ஆதாரம் இல்லை என்று ஈ.ஓ. எழுதினார். அவர் வேறு என்ன எழுதுவார்.

அதற்கப்புறம் பாய் என்னோடு பேசாமல் இருந்தார் என்று நினைக்காதே. பார்த்தால் சிரிப்பார், பிள்ளைகளை விசாரிப்பார். ஆனால் நடை மாறிவிட்டது. எல்லாரையும் மாதிரி நடந்தார், ஒரு எட்டு பெரிசு, ஒரு எட்டு சின்னது. யாராவது மனை அளக்கக் கூப்பிட்டால் போகவில்லை. என் நாத்தனார் மகன் பந்தக்கால் நட, "எத்தினி அடி வரும் பாய்" என்று கேட்டான். "சுமாரா ஒரு இருவது போட்டுக்கோப்பா" என்றார். அவன் ஒன்றும் தெரியாமல் சரி என்று போய்விட்டான். நான் வாசலில் கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஃப்ளாட்ஸ் எழும்பியது. இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், பாய் கணக்குத் தப்பு என்று. மூன்றாவது வருஷம் ஐப்பசியில் ஏரி வழிந்தது. ஒன்பது வீட்டிலும் முழங்கால் தண்ணீர். நான் ஒரு குண்டான் சோறு வடித்துக் குழம்பு ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். பாயம்மா கட்டில் மேல் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோற்றை வாங்கிக்கொண்டாள்.

"உங்க பாத்ரூம்ல தண்ணி வந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல பாயம்மா."

"நல்லது" என்றாள். அவளுக்குத் தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வண்டலூர் பக்கம் மகளோடு போய்விட்டார்கள்.

கடைசியாக ஒரு தடவை பார்த்தேன். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வண்டலூர் ஜூவுக்குப் போனபோது, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். தாடியெல்லாம் வெளுத்து, கண்ணாடி போட்டு. நான் போய் எதிரில் நின்றேன். அடையாளம் கண்டுகொண்டார். பிள்ளைகள் தலையைத் தொட்டு, எந்த வகுப்பு என்று விசாரித்தார். எனக்கு அதுதான் சமயம் என்று தோன்றியது. "பாய், அன்னிக்கு ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தேன்.

"வூடு நல்லா கீதா தங்கச்சி?" என்று குறுக்கே கேட்டார்.

"கீது பாய்."

"அந்தப் பாத்ரூம்?"

அதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே அதை நாங்கள் இடித்துவிட்டோம் மீனா. மாடி எடுத்தோமே, படிக்கட்டுக்கு இடம் போதவில்லை. என் வீட்டுக்காரரே இடித்தார், அரை நாள் வேலை. அந்தச் சிவப்புத் தரையைக் கொத்திக் குழியில் கொட்டினோம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறார்.

"அப்பிடியே கீது பாய். தரை கூட தேயல" என்றேன்.

முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "அப்ப சரி" என்றார். "அதுவாச்சும் நின்னுச்சே."

பஸ் வந்தது. நான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஏறிவிட்டேன்.

என்ன அப்படிப் பார்க்கிறாய். இரு, மூன்றாவது விசிலா நாலாவதா அது, உன்னோடு பேசிக்கொண்டே எண்ணாமல் விட்டுவிட்டேன். பருப்பு குழைந்திருக்கும், போய் அடுப்பை அணைக்கிறேன். அந்தக் கீரை முறத்தை இப்படித் தா.